டியூபுக்குப் போட்ட பூச்சட்டை

எப்சிபா வீட்டில் மனிதர்களைவிடப் பொருள்களுக்குத்தான் சட்டை அதிகம்.

மிக்ஸிக்கு நீலச் சட்டை. கிரைண்டருக்குக் கட்டம் போட்ட சட்டை. டிவிக்கு ஜரிகைக் கரை வைத்த சட்டை, ரிமோட்டுக்கு அதே துணியில் ஒரு குட்டிச் சட்டை. ஃபிரிட்ஜ் கைப்பிடிக்குக்கூட உறை உண்டு. எல்லாம் அம்மா சாராள் தைத்தவை.

"நான் கொஞ்ச நேரம் அசையாம உக்காந்தா எனக்கும் ஒரு உறை தைச்சிருவா உங்கம்மா," என்பார் அப்பா எபினேசர். சொல்லிவிட்டு நிஜமாகவே கையையும் காலையும் அசைத்துக்கொள்வார்.

அம்மாவைக் குறை சொல்லவும் முடியாது. சங்கரன்கோவிலில் அவர்கள் இருந்த தெரு முழுக்க விசைத்தறிகள். காலையில் ஓட ஆரம்பித்தால் ராத்திரிச் சாப்பாட்டு நேரம்வரை டடக் டடக் என்று ஒரே இரைச்சல். அந்தச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி, அந்தத் தெருக்காரர்கள் கல்யாண வீட்டில் ரகசியம் சொன்னால்கூட வாசலில் நிற்பவர்களுக்குக் கேட்கும்.

சத்தமாவது பரவாயில்லை. தறியிலிருந்து பறக்கும் பஞ்சுத் தூசிதான் பெரும் பாடு. மேசையைத் துடைத்துவிட்டுத் துணியை உதறப் போனால், திரும்பி வருவதற்குள் மேசை மறுபடி வெள்ளையாகியிருக்கும். அதனால்தான் அந்தத் தெருவில் எல்லாப் பொருளையும் மூடி வைப்பது வழக்கம். மற்றவர்கள் பழைய துண்டைப் போட்டு மூடினார்கள். சாராள் அழகாகத் தைத்து மூடினாள், அவ்வளவுதான்.

போன மாதம் அம்மாவின் கண் கேஸ் டியூபின் மேல் விழுந்தது. சிலிண்டரிலிருந்து அடுப்புக்குப் போகும் அந்த ஆரஞ்சு நிற டியூப், எண்ணெய்ப் பிசுக்கில் பஞ்சு ஒட்டி, உடம்பெல்லாம் முடி முளைத்துக் கிடந்தது.

"சீ, பாக்கவே சகிக்கல," என்றாள் அம்மா.

அன்று சாயங்காலமே டியூபுக்குச் சட்டை வந்துவிட்டது. சிவப்புத் துணியில் மஞ்சள் பூ. இரண்டு முனையிலும் எலாஸ்டிக், அதைச் சுற்றிச் சுருக்கு வைத்த கரை. டியூபைக் கழற்றாமலே மாட்டுவதற்காக, நீளவாக்கில் ஒட்டிப் பிரிக்கும் பட்டையும் வைத்திருந்தாள்.

பக்கத்து வீட்டு நஸ்ரின் பானு மாமி அதைப் பார்த்தார். "சாராளு, எனக்கு ஒண்ணு பச்சையில போடு," என்றார். பிறகு எதிர் வீடு கேட்டது, மாடி வீடு கேட்டது. கடைசியில் தெருவில் சட்டை போடாத டியூபே இல்லை என்றாகிவிட்டது.

விஷயம் மகளிர் குழுவின் காதுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் குழுக்கள் எல்லாம் சேர்ந்து விற்பனை வைக்கப் போகின்றன. அதில் அம்மாவுக்கென்று தனியாக ஒரு மேசை தருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

அம்மா இதுவரை தனக்கென்று எதையும் கேட்டு வாங்கியதில்லை. அவள் பெயர் ரேஷன் கார்டைத் தவிர எங்கும் எழுதப்பட்டதும் இல்லை. அப்பா ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் 'சாராள் உறைகள்' என்று பெயின்ட் அடித்துக் கொடுத்தார். அம்மா அதைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, வேலைக்கு நடுவே வந்து வந்து பார்த்துவிட்டுப் போனாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எப்சிபாவுக்குச் சந்தோஷம் தாங்காது.

விற்பனைக்கு முந்தின நாள், சனிக்கிழமை. சாக்குப் பை நிறைய டியூப் உறைகள் தயாராக இருந்தன. எப்சிபா ஒவ்வொன்றையும் சுருட்டி ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, நான் பஜார்ல போய்க் காகிதப் பை வாங்கிட்டு வந்துருதேன். அடுப்புல பால் இருக்கு, பாத்துக்கோ," என்றாள் அம்மா.

"சரிம்மா."

"பாத்துக்கோன்னா, பாலைப் பாக்கணும். ரிப்பனை இல்ல."

"சரிம்மா!"

எப்சிபா ரிப்பனைத்தான் பார்த்தாள்.

பால் பொங்கி, அடுப்பில் வழிந்து, மேடையில் ஓடி, அங்கிருந்து சொட்டுச் சொட்டாக டியூபின் பூச்சட்டையில் இறங்கியது. எப்சிபா ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். சிவப்புத் துணி ஊறிப்போயிருந்தது.

'அம்மா வாறதுக்குள்ள அலசிப் போட்டுருவோம்,' என்று நினைத்துக்கொண்டு ஒட்டுப்பட்டையின் முனையைப் பிடித்து இழுத்தாள். சர்ரென்று பிரிந்தது.

உள்ளேயிருந்து ஒரு சுண்டெலி குதித்தது!

"அம்மாடி!" என்று அலறினாள் எப்சிபா. தறிச் சத்தத்தில் அந்த அலறல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. சுண்டெலி அவள் காலைத் தாண்டி, அரிசி வாளியைச் சுற்றி, சாக்கடைக் குழாய்க்குள் போய் மறைந்தது.

உறைக்குள் பார்த்தாள். மெத்தென்று பஞ்சு பரப்பி, நடுவில் ஒரு ரொட்டித் துண்டும் பாதிக் கடலையும் வைத்து, எலி ஜம்மென்று குடித்தனம் நடத்தியிருந்தது. எப்சிபாவுக்குச் சிரிப்பு வந்தது. பஞ்சைத் தள்ளிவிட்டு டியூபைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

டியூபின் மேல்தோல் இல்லை. விரல் நீளத்துக்குக் கடித்துக் குதறியிருந்தது. உள்ளே இருக்கும் கம்பிப் பின்னல் பளபளவென்று தெரிந்தது. குனிந்தபோது மூக்கில் ஒரு வாடை ஏறியது. நேற்றும் இந்த வாடை லேசாக வந்தது. "நஸ்ரின் வீட்டுல கருவாடு போல," என்று அம்மா சொன்னாளே!

கருவாடு இல்லை. கேஸ்.

இப்போதுதானே இந்த அடுப்பு எரிந்துகொண்டிருந்தது? இதே இடத்தில்தானே அம்மா காலையில் நின்று இட்லி அவித்தாள்?

பள்ளிக்கூடத்துக்குத் தீயணைப்பு வண்டி வந்த அன்று, மணி அடித்துப் பார்க்கத்தான் எல்லாரும் சண்டை போட்டார்கள். ஆனால் தீயணைப்பு வீரர்கள் சொன்னது அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. சிலிண்டரின் தலையில் இருந்த ரெகுலேட்டரைத் திருகி மூடினாள். ஜன்னல், கதவு எல்லாவற்றையும் திறந்துவிட்டாள். லைட் சுவிட்ச் பக்கம் போகவே இல்லை. பிறகு வாசலுக்கு ஓடிவந்து மூச்சு வாங்கினாள்.

தப்பித்தோம் என்று நினைத்தபோதுதான் நஸ்ரின் மாமி வீட்டு ஜன்னலிலிருந்து தாளிக்கும் வாசனை வந்தது. எதிர் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. மத்தியானச் சமையல் நேரம். தெருவில் எல்லா அடுப்பும் எரிந்துகொண்டிருந்தன. எல்லா டியூபும் அம்மா தைத்த சட்டை போட்டிருந்தன.



அம்மா வரும்வரை காத்திருக்கலாமா? அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால்? சரி, போய்ச் சொல்லலாம். என்னவென்று சொல்வது? 'எங்கம்மா தைச்சது ஆபத்து' என்றா? சுவரில் சாய்ந்திருந்த அட்டை அவள் கண் முன்னால் வந்தது. நாளைக்கு அந்த மேசைக்குப் பின்னால் அம்மா எப்படி நிற்பாள்?

யோசித்துக்கொண்டே ஓடியதில் ஒரு யோசனை கிடைத்தது.

நஸ்ரின் மாமி வாணலியில் எண்ணெய் காயவைத்து, சமோசாத் தட்டுடன் நின்றிருந்தார். கடையநல்லூரிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்களாம்.

"மாமி, டியூப் உறையைக் கழட்டித் தாங்க. துவைச்சுத் தாரேன்!"

"இப்பமா? எண்ணெ காயுது மக்கா. நாளைக்கு வா."

"இப்பமே வேணும் மாமி. அடுப்ப அணைங்க. ரெகுலேட்டரையும் மூடுங்க."

"துவைக்கதுக்கு எதுக்குட்டி ரெகுலேட்டரை மூடணும்?"

மாமி இரண்டையும் மூடும்வரை எப்சிபா சமோசாத் தட்டை மறித்து நின்றாள். "உங்கம்மாகூட இவ்வளவு சுத்தம் பாக்க மாட்டா," என்று முணுமுணுத்தபடி மாமி மூடினார்.

பச்சை உறையை எப்சிபா மெல்லப் பிரித்தாள். நல்ல வேளை, டியூப் புதுசாக வழவழவென்று இருந்தது. அப்பாடா என்று உறையை மடிக்கப் போனவள் திடுக்கிட்டாள். அடுப்புப் பக்கத்து முனையில், சுருக்கு வைத்த கரை கருகியிருந்தது. தொட்டதும் கறுப்பாக உதிர்ந்தது. அடுப்பின் சூட்டில் அது தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பொசுங்கியிருக்கிறது!

கருகிய முனையை அவள் சட்டென்று கைக்குள் சுருட்டிக்கொண்டாள். மாமி பார்க்கவில்லை.

"நல்லாத் துவைச்சிட்டு, காஞ்சதும் கொண்டா, என்ன? அது இல்லாம அடுப்பங்கரையே மொட்டையா இருக்கு," என்றார் மாமி.

எப்சிபா தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். ஆனால் உள்ளங்கையில் அந்தக் கரி ஒட்டிக்கொண்டிருந்தது. காய்ந்ததும் கொண்டுவந்து கொடுத்தால் மாமி மறுபடி மாட்டுவார். மாட்டினால் மறுபடி பொசுங்கும். துவைக்கும் தந்திரம் இன்றைக்கு மட்டும்தான் உதவும். அவளுக்கு அது நன்றாகப் புரிந்தது. புரிந்தும், உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை.

அடுத்த வீடு கோமதிநாயகம் அண்ணாச்சி வீடு. அண்ணாச்சி பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக இருந்தார். சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சிதான். எந்த நேரம் போனாலும் டீ போட்டுக்கொண்டிருப்பார்.

இப்போதும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். ஒரு கையில் லைட்டர். டிக், டிக், டிக். பற்றவில்லை.

"வா மக்கா. இந்த லைட்டர் மக்கர் பண்ணுது. வாயில பஞ்சு அடைச்சிருக்கு போல," என்றபடி மறுபடி அடுப்பின் மேல் நீட்டினார்.

எப்சிபாவின் மூக்கில் அதே வாடை. அவள் வீட்டில் வந்ததைவிடப் பலமாக வந்தது.

"அண்ணாச்சி, அமுக்காதீங்க!"

அவள் போட்ட சத்தத்தில் லைட்டர் அண்ணாச்சியின் கையிலிருந்து நழுவிப் பால் சட்டிக்குள் விழுந்தது. எப்சிபா அவர் கைக்குக் கீழே புகுந்து ரெகுலேட்டரை மூடினாள், அடுப்புக் குமிழைத் திருப்பினாள், ஜன்னலைத் திறந்தாள். அண்ணாச்சி வாயைத் திறந்தபடி நின்றார்.

"ஏட்டி, என்னாச்சு உனக்கு?"

எப்சிபா உறையின் பட்டையைப் பிரித்தாள். உள்ளே இருந்த டியூப் நிறமே மாறிக் காய்ந்துபோய், கோடையில் குளத்து மண் வெடித்திருக்குமே, அப்படி வெடித்துக் கிடந்தது. லேசாக வளைத்ததும் வெடிப்புகள் வாயைத் திறந்தன. டியூபின் மேல் அச்சடித்திருந்த வருஷத்தை அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"இந்த டியூப மாத்த வேண்டிய வருஷம்..." என்றார். "அப்ப நான் வேலையில இருந்தேன்லா!"

அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய முகம் வெளிறிப்போயிருந்தது.

"நான் இப்பந்தானே பத்த வைக்கப் போனேன்," என்றார் மெதுவாக. "இன்னும் ஒரு டிக்கு. நல்ல வேளை, பஞ்சு அடைச்சுது அந்த லைட்டர்ல. உனக்கு எப்படிட்டி தெரிஞ்சுது?"

எப்சிபாவுக்கு அழுகை வந்துவிட்டது. எலி, கருகிய கரை, அம்மாவின் மேசை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"அம்மா தைச்ச உறைதான் அண்ணாச்சி எல்லாத்தையும் மறைச்சிட்டு. ஆனா அம்மா பேரச் சொல்லாண்டாம். நாளைக்கு அம்மாவுக்கு மேசை போட்டிருக்காங்க."

"சரி, சொல்லல," என்றார் அண்ணாச்சி உடனே. "என் உசுரக் காப்பாத்தின பிள்ள கேட்டு மாட்டேன்னு சொல்லுவனா?"

எப்சிபா கண்ணைத் துடைத்தாள். உள்ளங்கையில் இருந்த கரி கன்னத்தில் ஈஷிக்கொண்டது. கையைப் பார்த்தாள். நஸ்ரின் மாமி வீட்டில் இந்நேரம் விருந்தாளிகள் வந்திருப்பார்கள். எதிர் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

"இல்ல அண்ணாச்சி. சொல்லத்தான் செய்யணும்," என்றாள். "எல்லார்ட்டயும். இப்பமே. ஆனா இந்தத் தறிச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்?"

அண்ணாச்சி எழுந்தார். சுவரில் ஆணியில் தொங்கிய பழைய காக்கிச் சட்டையின் பையில் கையை விட்டார். கண்டக்டர் விசிலை எடுத்தார்.

அவர் தெருவின் நடுவில் நின்று ஊதிய ஊதலில் தறிக்கொட்டகைகளிலிருந்து ஆட்கள் வெளியே ஓடிவந்தார்கள். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. குக்கரை அணைத்துவிட்டு எதிர் வீட்டு அக்கா வந்தார். தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து, பஸ்ஸைத் தேடியது.

"எல்லாரும் அடுப்ப அணைங்க! ரெகுலேட்டரை மூடுங்க! டியூப் உறையைக் கழட்டி உள்ள பாருங்க!" என்று எப்சிபா கத்தினாள்.

வீட்டுக்கு வீடு சத்தம் எழுந்தது. "ஐயோ, இங்கன பாருங்க!" "அடப்பாவி எலி!" "ஏலே, ஜன்னலைத் திறலே!" நஸ்ரின் மாமி தன் பச்சை உறையின் கருகிய முனையை எப்சிபாவின் கையிலேயே பார்த்தார். "யா அல்லா!" என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"மாமி, நான் அப்பமே பாத்தேன். சொல்லாம மறைச்சிட்டேன். மன்னிச்சுக்கிடுங்க," என்றாள் எப்சிபா.

மாமி அவளை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அம்மா தெருமுனையில் திரும்பினாள்.

தறி ஓடாத தெருவை அவள் பகலில் பார்த்ததே இல்லை. எல்லாரும் வெளியே நின்றார்கள். அவள் பார்த்துப் பார்த்துத் தைத்த உறைகள், பச்சையும் நீலமும் ரோஸும், தெருவில் குவியலாகக் கிடந்தன.

"ஏட்டி எப்சிபா... என்னட்டி இது?"

எப்சிபா அம்மாவின் கையைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்துப்போனாள். டியூபைக் காட்டினாள். அம்மா குனிந்து, குதறிய இடத்தை விரலால் தொட்டாள். கம்பி விரலில் தட்டுப்பட்டதும் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். பஞ்சு மெத்தையையும் ரொட்டித் துண்டையும் வெகுநேரம் பார்த்தாள்.

"நான் எலிக்கு வீடு தைச்சுக் குடுத்திருக்கேன்," என்றாள். "தெரு முழுக்க."

பின்னாலேயே வந்த அண்ணாச்சி வாசலில் நின்று சொன்னார்: "சாராளு, ஒரு விஷயம் கேட்டுக்கோ. உறை போடுததுக்கு முன்னாடியும் நான் அந்த டியூப ஒரு நாளும் பாத்ததில்ல. என் தப்ப நீ எதுக்கு உன் தலையில போட்டுக்கிடுத?"

ஆனால் அம்மாவின் காதில் அது ஏறவில்லை. சாக்குப் பையை இழுத்து மூலையில் போட்டாள். சுவரில் இருந்த அட்டையைத் திருப்பி வைத்தாள்.

"நாளைக்கு நான் போவல," என்றாள். திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

அம்மா அழுவதை எப்சிபா பார்த்ததில்லை. இப்போதும் முகம் தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. தெருவைக் காப்பாற்றியாயிற்று. அம்மாவை என்ன செய்வது?

அப்பா தறிக்கொட்டகையிலிருந்து வந்தார். டியூபைப் பார்த்தவர், வழக்கமான கேலி எதையும் சொல்லவில்லை. எப்சிபாவின் தலையில் ஒரு தரம் கையை வைத்தார். பிறகு டியூப் மாற்றும் மெக்கானிக்குக்குப் போன் போட வெளியே போனார்.

அந்தச் சமயம் நஸ்ரின் மாமி இரண்டு கையாலும் ஒரு மண்சட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். அவர் வீட்டு டியூப் மட்டும் நன்றாக இருந்ததால், அங்கேதான் அடுப்பு எரிந்தது.

"இன்னைக்கு உங்க வீட்டுல சமையல் இல்லேல்லா? மீன் கொழம்பு. சுடுது, சுடுது, எங்க வைக்க? சீக்கிரம்!"

அடி உருண்டையான சட்டி. தரையில் வைத்தால் உருண்டுவிடும். எப்சிபா சுற்றும்முற்றும் பார்த்தாள். சாக்குப் பையின் வாயில் ஓர் உறை நீட்டிக்கொண்டிருந்தது. அதை இழுத்தாள், வளையமாகச் சுருட்டித் தரையில் போட்டாள். மாமி சட்டியை அதன்மேல் வைத்தார்.

சட்டி லேசாக ஆடியது. பிறகு ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

எப்சிபா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூலைக்கு ஓடினாள். அப்பா தறியிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த கழிவு நூலை இரண்டு கையிலும் அள்ளினாள். இன்னோர் உறையை எடுத்துப் பட்டையைப் பிரித்து, அடைக்க முடிந்தமட்டும் நூலை அடைத்து, ஒட்டினாள். ஒரு முனையின் எலாஸ்டிக்குக்குள் மறு முனையை நுழைத்தாள். கொழுகொழுவென்று ஒரு பூ வளையம் வந்துவிட்டது.

"மாமி, சட்டியைத் தூக்குங்க!"

இந்த முறை சட்டி அசையவே இல்லை.

"அம்மா," என்றாள் எப்சிபா. "இங்கன பாரேன். பிரிமணை!"

அம்மா திரும்பினாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. சட்டியைப் பார்த்தாள். வளையத்தைப் பார்த்தாள். எழுந்து வந்து, அதன் முனையைத் தடவிப் பார்த்தாள்.

"கோணலா அடைச்சிருக்க," என்றாள். "இந்த எடத்துல ஒரு தையல் போடணும்."

எப்சிபாவுக்கு உயிர் வந்தது.

"அழுக்கானா பட்டையைப் பிரிச்சு நூலை எடுத்துட்டுத் துவைச்சுக்கிடலாம்லாம்மா?"

"ஆமா," என்றாள் அம்மா. கொஞ்சம் யோசித்தாள். "அடுப்பு மேல வைக்காம தள்ளி வைக்கணும். அதையும் சொல்லித்தான் குடுக்கணும்." ஊசியைத் தேட ஆரம்பித்தாள்.

சாயங்காலம் அந்த வீட்டில் நிற்க இடமில்லை. மெக்கானிக் ஒரு கட்டு டியூபோடு வந்து வீடு வீடாக மாட்டிக்கொண்டு போக, மாட்டி முடித்த வீட்டுக்காரர்கள் எல்லாம் சாராள் வீட்டுக்கு வந்து நூல் அடைத்தார்கள். நஸ்ரின் மாமியின் விருந்தாளிகள்கூட வந்தார்கள். அண்ணாச்சி அடைத்த வளையம் ஒன்று முட்டை வடிவத்தில் இருந்தது. "இது ரோட்டு வளைவு," என்றார் அவர்.

அப்பா அட்டையைத் திருப்பி, 'உறைகள்' என்பதை அழித்துவிட்டு 'பிரிமணைகள்' என்று எழுதினார். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அது அட்டையின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு நின்றது. அம்மா தள்ளி நின்று பார்த்தாள். 'சாராள்' மட்டும் அப்படியே இருந்தது.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் மண்டபத்துக்குப் போனார்கள். மேசையில் பூ வளையங்கள் அடுக்கடுக்காக இருந்தன. முதலில் வந்த அம்மாள் வளையங்களைப் பார்த்துவிட்டு, "கேஸ் டியூபுக்கு உறை இருக்குன்னு சொன்னாங்களே?" என்று கேட்டார்.

அம்மாவின் முகம் ஒரு கணம் வாடிவிட்டது. மற்ற மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா எழுந்து நின்றாள். தறித்தெருக் குரலில், மண்டபத்தின் கடைசிவரை கேட்கிற மாதிரி சொன்னாள்:

"நான்தான் தைச்சேன். தப்பு பண்ணிட்டேன். யாரு வீட்டுல கேஸ் டியூப மூடி வச்சிருந்தாலும் இன்னைக்கே ரெகுலேட்டரை மூடிட்டு, பிரிச்சுப் பாருங்க. எங்க தெருவுல நாங்க பொழைச்சது எம் மகளால."

கேட்ட அம்மாளுக்கு முகம் மாறிவிட்டது. அவசரமாகப் பையிலிருந்து போனை எடுத்தார். "ஏலே, அடுப்பப் பத்த வைக்காத! நான் வீட்டுக்கு வாரேன்!" என்று கத்தினார். ஓடப் போனவர் திரும்பி வந்து, ஒரு சிவப்புப் பிரிமணையை வாங்கிக்கொண்டு ஓடினார்.

பொழுது சாய்வதற்குள் மேசை காலியாகிவிட்டது. அண்ணாச்சியின் முட்டை வடிவ வளையம்கூட விற்றுப்போனது. அதை வாங்கியவர் எந்தச் சட்டிக்காக வாங்கினார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இப்போதும் எப்சிபா வீட்டில் எல்லாப் பொருளுக்கும் சட்டை உண்டு. புதிதாகத் தண்ணீர்க் குடத்துக்கும் ஒன்று வந்திருக்கிறது. சுண்டெலி மட்டும் இன்னும் வேறு வீடு பார்த்துக்கொண்டிருக்கிறது போலும்.

தினமும் காலையில் அம்மா அடுப்பங்கரைக்குள் நுழைந்ததும் ஈரத் துணியால் கேஸ் டியூபைத் துடைப்பாள். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கண்ணால் ஒரு தரம் பார்ப்பாள். எப்சிபா வந்து இன்னொரு தரம் பார்ப்பாள். அதன் பிறகுதான் அடுப்பு எரியும்.

அந்த வீட்டிலேயே அது ஒன்றுதான் சட்டையில்லாமல் இருக்கிறது. அதுதான் அவர்கள் வீட்டில் இருப்பதிலேயே ரொம்ப அழகு என்று எப்சிபாவுக்குத் தோன்றும்.